பிஸ்கற் பேணிக்குள் சிரித்த பாவைப்பிள்ளை

போன கிழமை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் ஒரு பாவைப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. பற்றரி இறங்கி, சிரிப்பு இழுபட்டு, முனகலாகிவிட்டது. நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கள்ளனுக்குப் பயப்படுகிறேன் என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

அந்த மாதிரி முனகல்தான் ஒருகாலத்தில் எனக்கும் ரஜனிக்கும் சங்கீதம். சிரிக்காதீர்கள். பருத்தித்துறையில் ஒரே கந்தோரில் தட்டச்சு வேலை எங்களுக்கு. சண்டை ஓய்ந்திருந்த காலம். வேலை முடிந்ததும் வல்வெட்டித்துறையில் அவள் வீட்டுக்குப் போவோம். திருவிழாக் கடையில் வாங்கிய குரைக்கும் நாய், பாவைப்பிள்ளை எல்லாவற்றையும் கழற்றி, புதுப்புதுச் சத்தம் வர ஈயம் உருக்கி வயர் ஒட்டுவாள். எச்சில் தொட்ட விரலை உள்ளே வயரில் வைத்தால், ஈரத்தில் கரண்ட் பாய்ந்து, நாய் கடற்பறவையாகக் கத்தும். ஈய மணமும் குசினியில் மீன் பொரியும் மணமும் ஒன்றாய் வரும். இப்போதும் பொரித்த மீன் தின்னும்போது எனக்கு ஏதோ குரைப்பது கேட்கும், வீட்டில் சொல்வதில்லை.

கடைசியில் எல்லாவற்றின் குடலையும் ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் அடக்கினாள். யாழ்ப்பாணத்தில் சிறு மண்டபமொன்றில் அதை வாத்தியமாய் வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் மறுபடியும் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. வயரும் பற்றரியுமாய்ப் பேணியைக் காவிக்கொண்டு போவதா?

"வேண்டாமடி," என்றேன்.

"பட்டப்பகலிலை பொம்பிளைப் பிள்ளையளை என்ன செய்யப்போறாங்கள்? வா."

சோதனைச்சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்த ஆமிக்காரன் பின்னால் துள்ளினான். துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது. வரிசையில் நின்ற சனம் முழுக்க ரோட்டில் குந்தியது.

"பாவைப்பிள்ளை, சேர்... பாட்டு வரும்," என்றாள் ரஜனி.

"போடு," என்றான்.

விரலை வைத்தாள். சத்தமில்லை. நக்கிவிட்டு வைத்தாள். அப்போதும் இல்லை. பயத்தில் அவள் வாயில் எச்சிலே ஊறவில்லை. சத்தம் போடாத பேணி வேறென்ன என்று அவன் முடிவுகட்டுவது முகத்தில் தெரிந்தது.

"எடி, நீ வையடி," என்றாள், உதடு அசையாமல்.

என் வாயும் காய்ந்துதான் கிடந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் தொட்டு வைத்தேன். பேணி முனகியது, பிறகு கீச்சென்று சிரித்தது. குந்தியிருந்தவர்களுக்குள் ஒரு குழந்தை மட்டும் கூடச் சிரித்தது. ஆமிக்காரன் பேணியைப் பறித்து வைத்துக்கொண்டு, "போ, போ," என்றான்.

வீட்டில் மிச்சமிருந்ததை அவளுடைய ஐயா கோடிப்புறத்தில் போட்டு எரித்தார். "ஒரு வயர்த்துண்டும் இருக்கக்கூடாது பிள்ளை." புகையைக் கண்டு யாரும் வந்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம். எங்கள் பெயரும் விலாசமும் அந்த ஆமிக்காரன் கண்ணில் பட்டுவிட்டனவே. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் நான் விளக்கை அணைத்துவிடுவேன். யாரும் வரவில்லை. ஆனால் மாதக்கணக்கில், வருவார்கள் என்றே படுத்தெழும்பினோம்.

ரஜனி இப்போது கனடாவில். "அந்தச் சத்தம் ஞாபகமிருக்கா?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பயத்திலை உன்ரை பல்லு கிடுகிடுத்ததுதான் ஞாபகம்," என்றாள்.

சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது. நாங்கள் எதையும் பதிந்து வைக்கவில்லை. எங்கள் சங்கீதத்தைக் கேட்டவர்கள் அன்று ரோட்டில் தலை குனிந்து குந்தியிருந்த அந்தச் சனம் மட்டுமே. அவர்களில் ஒருவரின் முகமும் எனக்குத் தெரியாது.