உறுமும்போது திக்காதவன்

உத்தமன் பேசி நான் கேட்டது குறைவு, உறுமிக் கேட்டதுதான் அதிகம். ஏழு வருஷம் மேடையில் அவன் முதுகைப் பார்த்தபடி டிரம்ஸ் வாசித்தவன் நான், வைத்தீஸ்வரன். எங்கள் பேண்டின் பெயர் ரஸ்டட் ஸ்டெர்னம், அதாவது துருப்பிடித்த மார்பெலும்பு. எலும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். என் அப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார். பெங்களூர் விதான சௌதாவில் முப்பது வருஷம் கோப்பு பார்த்த மனிதருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நாங்கள் வாசித்தது டெத் மெட்டல். கிட்டாரும் டிரம்ஸும் தகரக் கூரையில் பெய்யும் மழைபோல ஓயாமல் அடிக்கும். அதன்மேல் பாடகன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். என்ன வார்த்தை என்பது இருக்கட்டும், என்ன மொழி என்பதே காதுக்குப் பிடிபடாது. ஆனால் இந்தக் கூட்டத்தைப்போல வார்த்தைகளுக்கு உயிரை விடுகிற ரசிகர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காசெட்டோடு வரும் பாட்டுத் தாளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிப்பார்கள். அதனால் எங்கள் கச்சேரிகளில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாசலிலேயே அன்றைய பாட்டு வரிகள் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுவோம். பையன்கள் ஒரு கையில் தாளைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுழற்றுவார்கள்.

வரிகள் எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் பிணம், புழு, அழுகல். மருத்துவக் கல்லூரியில் படித்த என் அக்காவின் உடற்கூறு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் கிட்டாரிஸ்ட் சுதீரும் எழுதுவோம். வீட்டில் ஒரு கரப்பான் செத்துக் கிடந்தால் அம்மாவைக் கூப்பிடுகிற ஆட்கள் நாங்கள். சாவைப்பற்றி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு தைரியமாக எழுதினோம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன்தான் உத்தமன். காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். வீடு மர்பி டவுன். அப்பா பெயின்டர், அம்மா பாஞ்சாலி நாலு வீட்டில் வேலை செய்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தான். அவனுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் பொறுமை இழந்து வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார். உத்தமன் அது சரியோ தப்போ தலையை ஆட்டிவிடுவான். முக்கியமான விஷயமென்றால் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவான்.

தொண்ணூற்றாறில் எங்கள் பழைய பாடகன் எம்.பி.ஏ. படிக்கப் போய்விட்டான். அல்சூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது உத்தமன் தாள்கட்டோடு வந்தான். போகாமல் நின்று கேட்டான். பாட்டு முடிந்ததும் ஒரு தாளின் பின்பக்கம், 'நான் ஒரு தடவை முயற்சி செய்யட்டுமா?' என்று எழுதி நீட்டினான். சுதீர் என்னைப் பார்த்தான், நான் சுதீரைப் பார்த்தேன். திக்குவாய்க்காரனை மைக் முன்னால் நிறுத்துவதா என்று இரண்டு பேருக்கும் ஒரே சங்கடம். அவன் காத்திருக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உறுமினான். நாலு நிமிஷப் பாட்டு, எங்கும் நிற்கவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. முடிந்ததும் அவனே பயந்துபோய் மைக்கைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கு அந்த இசைமேல் இருக்கும் நன்றியில் பாதி அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மேடையை விட்டு இறங்கினால் அவன் வாக்கியங்களை முடித்து வைத்ததில் நான்தான் முதல் ஆள். "ச… ச…" என்பான். "சமோசாவா? இரு, வாங்கிட்டு வரேன்" என்று ஓடுவேன். சவுண்ட் சரியில்லை என்று சொல்ல வந்திருப்பான். சமோசாவையும் சாப்பிடுவான், பாவம்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் ஒருநாள் ஒத்திகைக்கு வந்தவன் என் கையில் நாலு தாள்களைத் திணித்தான். ஒன்றில் பாட்டு. மற்ற மூன்றில் அந்தப் பாட்டு எதற்கு என்ற விவரம்.

தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரிக் கலவரம். எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, தமிழ்ப் பத்திரிகைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கன்னடத்தில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினைந்து வயது உத்தமன் வேலைக்குப் போன அம்மாவைத் தேடிக்கொண்டு அல்சூர்ப் பக்கம் வந்திருக்கிறான். தெருமுனையில் ஆறு பேர் அவனை நிறுத்தினார்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின். "நின் ஹெசரேனு? கன்னடதல்லி ஹேளு" என்றார்கள். பேரென்ன, கன்னடத்தில் சொல். உத்தமனுக்குக் கன்னடம் நன்றாக வரும், பள்ளிக்கூடத்தில் எண்பத்தொரு மார்க். ஆனால் "ந… ந…" என்பதோடு நாக்கு நின்றுவிட்டது. கன்னடம் தெரியாமல்தான் முழிக்கிறான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சொல்லியிருந்தாலும் அந்தப் பேரே தமிழ் என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்போது சொப்புக் கூடையோடு எல்லம்மா வந்தார். சொப்பு என்றால் கீரை. அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்கிற கன்னடக்காரப் பெண்மணி, பாஞ்சாலி வாடிக்கையாக வாங்குவதால் பையனைத் தெரியும். கூடையை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, "அவனு நம்ம ஹுடுகா. மூகா அவனு, மாத்து பரல்லா" என்றார். எங்கள் பையன், ஊமை, பேச்சு வராது. சொல்லிவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மர்பி டவுன் வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

'ஒன்பது வருஷமாக நன்றி சொல்ல முயற்சி செய்கிறேன்' என்று உத்தமன் எழுதியிருந்தான். 'போய் நின்றாலே வேறு பக்கம் பார்க்கிறார். நான் வாயெடுப்பதற்குள் பையில் ஒரு கட்டு கீரையைக் கூடுதலாகப் போட்டு அனுப்பிவிடுகிறார். நினைவுபடுத்துவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் வியாபாரத்தை விட்டுவிட்டு ஹாசனுக்கு, மகள் வீட்டோடு போகிறார். எழுதிக் கொடுக்கலாம் என்றால் படிக்கத் தெரியாது. இன்னொருவர் படித்துக் காட்டினால் அது என் நன்றி ஆகாது. என் வாயால் சொல்ல வேண்டும். எனக்குத் திக்காத இடம் மேடை ஒன்றுதான்.'

பாட்டு கன்னடத்தில் இருந்தது. அன்று தெருமுனையில் சொல்ல முடியாமல் போன பதில். திரும்பத் திரும்ப வரும் அடி இதுதான்: "நன் ஹெசரு உத்தமன், நன் ஊரு இதே." என் பெயர் உத்தமன், என் ஊர் இதுவே. புழுவும் இல்லை, பிணமும் இல்லை. நாங்கள் அதுவரை எழுதிய நாற்பது பாட்டும் எனக்குக் குப்பையாகத் தெரிந்தது.

சுதீர் மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரன். தாளை இரண்டு தடவை படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது.

"மச்சா, நான் வாசிக்கிறேன். ஆனா வாசல்ல குடுக்கற பேப்பர்ல போடாதே. தமிழ்ப் பையன் ஒருத்தன் கன்னடத்த பன்னி மாதிரி உறுமுறான்னு எவனாவது கெளப்பி விட்டா என்ன ஆகும்? கிண்டல் பண்றான்னுதான் சொல்லுவாங்க. போன வருஷம் பார்த்தேல்ல?"

போன வருஷம் கன்னட நடிகர் ஒருவரைக் கடத்தியபோதும் ஊரில் ஒரு சுற்றுப் பதற்றம் வந்து அடங்கியிருந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம். தாளில் போடாமல் விடவும் முடியாது. வரி இல்லாத பாட்டென்றால் எங்கள் ரசிகர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். கடைசியில் ஒரு திருட்டு வேலை செய்தேன். 'மேகட் கதீட்ரல்' என்று தலைப்பு வைத்து, புழுக்கள் கோயில் கட்டுவதாக இருபது வரி ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பாட்டின் இடத்தில் போட்டேன். உத்தமன் அதையும் சிரித்துக்கொண்டே ஜெராக்ஸ் எடுத்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. காக்ஸ் டவுனில் ஒரு கல்யாண மண்டபம். மெல்லிசை என்று சொல்லித்தான் மேனேஜரிடம் இடம் பிடித்தோம். கறுப்புப் பனியன் போட்ட இருநூறு பேர் உள்ளே வந்ததும் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். சீர்வரிசைத் தட்டு வைக்கும் மேஜைக்குப் பக்கத்தில், முதல் வரிசை நாற்காலியில், பாஞ்சாலியும் அவர் கூட்டி வந்த எல்லம்மாவும் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லம்மா கல்யாணத்துக்கு வருவதுபோலப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். வாசலில் யாரோ அவருக்கும் தாள் கொடுத்திருந்தார்கள், அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

ஆறாவது பாட்டு அது. உத்தமன் வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். அன்று திறந்து வைத்திருந்தான். பின்னாலிருந்து எனக்கு அவன் தோள் மட்டும் தெரிந்தது. நான் ஒரு இடத்தில் தாளம் தப்பினேன், மனசு அதில் இல்லை. முன்னால் இருநூறு பேர் தாளைப் பார்த்துக்கொண்டு புழுக்களின் கோயிலைக் கூடவே பாடினார்கள். ஆமாம், பாடினார்கள்! முடிந்ததும் ஒரு பையன் மேடையோரம் வந்து என் கையைக் குலுக்கினான்.

"மச்சா, செம. அந்த மேகட் பாட்டுல ஒவ்வொரு வேர்டும் கிளியரா கேட்டுச்சு!"

சிரிப்பை அடக்குவதற்கு நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அடுத்த நொடியே முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். இவனுக்கே புரியவில்லை என்றால் எல்லம்மாவுக்கு எப்படிப் புரியும்?

இடைவேளையில் மண்டபத்தின் பின்பக்கம், கை கழுவும் குழாய்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். எல்லம்மா அங்கே உத்தமன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். பஞ்சை எடுத்துக் கையில் வைத்திருந்தார். அல்சூர் வியாபாரத்தில் பழகிய தமிழில்தான் பேசினார்.

"சத்தம் மண்டைய ஒடைக்குதுப்பா. பஞ்சு வெச்சும் கேட்டுச்சு. மத்தது ஒண்ணும் புரியல. 'நன் ஹெசரு உத்தமன்', அது மட்டும் புரிஞ்சுது. அதத்தானே அன்னிக்கு அவனுங்க கேட்டானுங்க?"

உத்தமன் தலையசைத்தான். நான் சுவரோரமாக நின்றுவிட்டேன். இருநூறு பேரில் தாளைப் படிக்காமல் அவன் வாயைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நடுரோட்ல நாலு பேர் முன்னாடி உன்ன மூகான்னு சொல்லிட்டேன்" என்றார் எல்லம்மா. "அதுக்கப்புறம் நீ பேசறதே கொறைஞ்சுபோச்சுன்னு உங்கம்மா அழுதா. திக்கற புள்ளய ஊமைன்னு சொன்னேனே, என் வாய்தான் பலிச்சிடுச்சுன்னு ஒம்போது வருஷமா எனக்கு நிம்மதி இல்ல. உன் மூஞ்சியப் பாக்கவே முடியல. சொப்பு போட்டு அனுப்பிடுவேன். என்ன மன்னிச்சிடுப்பா."

அவன் நன்றி சொல்லத் தவித்த ஒன்பது வருஷமும் அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்று இந்த ஊரில் பிறந்ததற்காக மனசார நன்றியோடு இருந்தேன்.

உத்தமன் வாயைத் திறந்தான். "நீ… நீ…" என்று நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். என் நாக்கு நுனியில் முழு வாக்கியமும் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.  எல்லம்மாவும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, மார்க்கெட்டில் வாடிக்கையாளர் கீரையைப் பொறுக்கி எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பதுபோல, அவசரமே இல்லாமல் நின்றார். உள்ளே சுதீர் மைக்கில் எங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். யாரும் நகரவில்லை.

"நீங்க அ… அன்னிக்கு ஊமைன்னு சொ… சொன்னதாலதாம்மா," என்றான் உத்தமன், "நான் இன்னிக்குப் பே… பேசறேன்."

எல்லம்மா பட்டுத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உத்தமன் நிறுத்தவில்லை. சொல்வதற்கு அவனிடம் இன்னும் நிறைய இருந்தது. அடுத்த வாக்கியத்தின் முதல் எழுத்தில் திக்கிக்கொண்டு, கண்ணை மூடாமல், அவன் பேசிக்கொண்டே இருந்தான்.