என் பல்லும் ஹவுஸ் ஓனரின் பிலிம் டப்பாவும்

இன்று குரோம்பேட்டையில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, வாசலில் ஹவுஸ் ஓனர் அண்ணன் பிடித்துக்கொண்டார். எனக்கு இது ஐந்தாம் மாதம்.

"கடவாப்பல்லுல வெள்ளி அடைச்சிருக்கியாமே. அதுல பாதரசம் கீதும்மா. வயித்துல புள்ளைய வச்சிகினு இன்னா தைரியம் உனக்கு? மொதல்ல தோண்டி எடுக்கச் சொல்லு."

அதே பயத்தில்தான் நானும் டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். "அடைச்சு மூணு வருஷமாச்சு, கெட்டியா நல்லாத்தான் இருக்கு. இப்ப தோண்டினாதான் பாதரச ஆவி கிளம்பும். தொடவே வேண்டாம்" என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அண்ணன் கேட்பதாக இல்லை.

"நீ பாதரசத்தப் பாத்திருக்கியா?"

உள்ளே போய் ஒரு பிலிம் டப்பாவோடு வந்தார். உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, என் மூக்குக்கு நேராக உருட்டிக் காட்டினார்.

"எப்டி ஓடுது பாத்தியா? எங்க வூட்டுப் பசங்களுக்கு இதான் வெளையாட்டு."

நான் பின்னால் நகர்ந்தேன். ஒரு துளி சிதறி, என் வாசற்படி விரிசலுக்குள் போய்விட்டது.

"அத்த வுடு. பல்ல மட்டும் மறக்காம எடுத்துரு."

வாடகைக்குக் குடியிருப்பவள் நான். தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த டப்பாவை அவர் வீட்டிலிருந்தும், விரிசலுக்குள் போன துளியை என் வாசற்படியிலிருந்தும் எப்படி அப்புறப்படுத்துவது? யோசனை இருந்தால் சொல்லுங்கள். பல்லைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.