முப்பத்திரண்டா, முந்நூற்றெண்பதா?

கைத்துப்பாக்கியை இருபது நிமிஷம் கொதிக்க வைத்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆயுதக் கொதிகலனில் இடுக்கி, கத்தரிக்கோல், கத்தி எல்லாவற்றோடும் அதையும் போட்டு, ஒரு கரண்டி சோடா உப்பும் சேர்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீருக்குள் அது கறுப்பாகக் கிடந்து கடகடவென்று ஆடியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் பிரசவ அறை அலமாரிக்குள் கொதிக்காத எதுவும் போகக்கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். துப்பாக்கியை அந்த அலமாரியில் வை என்றும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டையும் சேர்த்து நான் என்ன செய்வேன்? சொன்னதைச் செய்தேன். தோட்டாக்களை மட்டும் கொதிக்க வைக்கவில்லை. அவ்வளவு மூளை இருந்தது.

அது ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னை காலியான நாற்பத்திரண்டாம் வருஷக் கோடை. எங்கள் வீடு சாந்தோமில். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் அம்மாவையும் தம்பிகளையும் திருச்சிக்கு அனுப்பிவிட்டு என்னையும் போகச் சொன்னார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் டாக்டரம்மா நடத்திய சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நான்தான் நர்ஸ், நான்தான் மருந்து கலக்குகிறவள், கடிதம் டைப் அடிக்கிறவளும் நானே. உள்ளே ஆறு பெண்கள் படுத்திருந்தார்கள். ஒருத்திக்கு வலிப்பு வந்து அடங்கியிருந்தது. இரண்டு பேருக்கு வயிற்றைக் கிழித்து எடுத்து நாலு நாள்கூட ஆகவில்லை. மற்ற மூவரும் நாள் நெருங்கியவர்கள். இவர்களை எழும்பூர் ஸ்டேஷன் கூட்டத்தில் கொண்டு போய்த் தள்ளிவிட்டு நான் திருச்சியில் போய் மாம்பழம் சாப்பிடுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

தெருவில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு பூட்டிவிட்டது. மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலியைக்கூடச் சுட்டுவிட்டார்களாம் என்று பால்காரர் சொன்னார். பூட்டிய வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்குவது தினசரிச் சேதியாகிவிட்டது. எங்கள் மருந்து அறை ஜன்னலையும் ஒரு நாள் யாரோ நெம்பிப் பார்த்திருந்தார்கள். உள்ளே மார்ஃபியா என்ற போதை மருந்து இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி நடந்த வீடு டாக்டரம்மாவுக்குச் சொந்தமில்லை. அவருடைய அக்காள் புருஷருடையது. அவர் ஹைகோர்ட் வக்கீல். ஆள் வாட்டசாட்டம், குரல் அதற்கு மேல். அக்காள் தலைப்பிரசவத்தில், ஒரு டாக்டர் முகம்கூடப் பார்க்காமல் ஊரில் போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகுதான் தங்கை வைத்தியம் படித்தார். வக்கீலும் மறுகல்யாணம் செய்துகொள்ளாமல், வீட்டின் முன்பாதியை ஆஸ்பத்திரிக்கு விட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயம் வந்தால் நல்ல மனுஷர்கள் அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன், சனிக்கிழமை வீட்டைப் பூட்டுகிறேன், நீயும் கிளம்பு என்றார். டாக்டரம்மா முடியாது என்றார். மூன்று நாள் சண்டை. கடைசியில் வக்கீல் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

"ஒரு பிஸ்டல் வாங்கிக்கோ. அதைக் கையாளத் தெரியறதுன்னு சனிக்கிழமை எனக்குக் காட்டு. எனக்குத் திருப்தியா இருந்தா சாவி உன்கிட்ட. இல்லேன்னா பூட்டிண்டு போயிண்டே இருப்பேன். அந்த ஆறு பேரையும் அவாவா ஆத்துக்கு அனுப்பிடு."

ஆறு பேரில் நாலு பேர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அனுப்ப வேண்டுமாம்! எங்கே அனுப்புவது?

லைசென்ஸ் எப்படியோ கிடைத்தது. கமிஷனர் மனைவிக்குப் பிரசவம் பார்த்த நன்றியோ வேறு யாருடைய தயவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலை டிராமில் மவுண்ட் ரோடுக்குப் போனோம். டாக்டரம்மா, வக்கீல், நான். துப்பாக்கிக் கடை மேஸ்திரி பட்டாளத்தில் இருந்து வந்தவர். சலாம் வைத்துவிட்டு, இரண்டு பிஸ்டல்களை ஒரு சிவப்புத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அமெரிக்கச் சரக்கு. யுத்தத்துக்கு முன்னால் வந்து இறங்கியதில் மிச்சம் அந்த இரண்டுதான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"ஒரே அச்சும்மா, அக்கா தங்கச்சி மாதிரி. கொயாய் வாயைப் பாருங்கோ, அதான் வித்தியாசம்" என்றார் மேஸ்திரி. "இது முப்பத்திரண்டு அளவு. எட்டு தோட்டா புடிக்கும். இது முன்னூத்தி எண்பது. ஏழுதான் புடிக்கும், ஆனா தோட்டா பெர்சு. சின்னதுல ஒண்ணு வாங்கினவன் ஓடுவான். பெர்சுல வாங்கினவன் அங்கேயே குந்திடுவான். நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்கோ. லைசென்ஸ்ல அளவை எய்திட்டா எய்தினதுதான், அந்தத் தோட்டாதான் கெடைக்கும்."

"பெரிசு" என்றார் வக்கீல், யாரும் கேட்காமலே.

அங்கே துப்பாக்கிக்கு எண்ணெய் வாங்க வந்திருந்த ஒரு எஸ்டேட்காரரும் பெரிசு என்றார். வாசலில் காவல் நின்ற தர்வான்கூடத் தலையை நீட்டி, பெரிசே எடுங்கம்மா என்றார். பெண்பிள்ளை சாமான் வாங்கினால் தெருவில் போகிறவனுக்கெல்லாம் அபிப்பிராயம் வந்துவிடும். புடவைக் கடையிலும் அப்படித்தான், துப்பாக்கிக் கடையிலும் அப்படித்தான். டாக்டரம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினார். சுட்டுப் பார்க்க இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கடைக்குப் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கி, ஒரு பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. முதலில் பெரியதைக் கொடுத்தார்கள். ஏழு தோட்டாவும் தீரும்வரை சுட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். ஐந்து காகிதத்தில் பட்டிருந்தது, இரண்டு மணலில். முதல்தடவைக்கு அது சபாஷ் என்றார் மேஸ்திரி. டாக்டரம்மா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம்! வக்கீல் இரண்டு தடவை கனைத்தார். பிறகு சின்னதை வாங்கி எட்டும் சுட்டார். மறுபடியும் அதே மாதிரி கையை விரித்துப் பார்த்தார். இந்தத் தடவை சீக்கிரமே கையைக் கீழே போட்டுவிட்டார்.

"முப்பத்திரண்டு. எழுதிக்கோங்கோ" என்றார்.

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "சத்தத்துக்குப் பயந்துண்டுட்டே. இது கொசு கடிக்கிற மாதிரி இருக்கும். ஆபத்துன்னு ஒருத்தன் வந்தா இதை வெச்சுண்டு என்ன பண்ணுவே?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி இரைந்தார். டாக்டரம்மா காரணம் சொல்லவில்லை. "நேரமாறது அத்திம்பேர், எனக்கு வார்டு பார்க்கணும்" என்று படி இறங்கிவிட்டார். திரும்பி வரும்போது டிராமில் மூன்று பேரும் மூன்று ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்கும் மனதுக்குள் வக்கீல் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. பெரியது இருக்கச் சின்னது எதற்கு? அவ்வளவுதான் என் புத்தி.

வியாழக்கிழமைதான் நான் அந்தக் கொதிகலன் வேலையைச் செய்தது. கொதித்ததில் எண்ணெயெல்லாம் கழன்று, மயிலாப்பூர் உப்புக்காற்று இரண்டு நாளில் தன் வேலையைக் காட்டிவிட்டது. அது எனக்கு எப்படித் தெரியும்? இடுக்கியும் கத்தரிக்கோலும் கொதித்தால் பளபளவென்று வரும். துப்பாக்கியும் வரும் என்று நினைத்தேன். நல்ல வெள்ளைத் துணியில் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீல் வந்தார். வாசலில் ஜட்கா வண்டி நின்றது, அதில் பெட்டி படுக்கை. கையில் சாவிக்கொத்து. வார்டுப் பெண்களுக்கு விஷயம் தெரியும். படுத்தபடியே எல்லோரும் அந்தச் சாவியைப் பார்த்தார்கள். வலிப்பு வந்த பெண்ணின் தாயார் மட்டும் கதவோரம் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முடிச்சை அவிழ்த்து, பிஸ்டலை எடுத்து, மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை. பள்ளத்திலெல்லாம் மஞ்சள் பூத்த மாதிரி துரு.

"பார்த்தியா!" என்றார் வக்கீல். "நான் அப்பவே சொன்னேன், விளையாட்டுச் சாமான். யார் இதைத் தண்ணியில போட்டது?"

 என்னால் ஆறு பேரும் தெருவுக்கு வரப் போகிறார்கள். "நான்தான்..." என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா என்னை முடிக்க விடவில்லை.

"அந்த அலமாரிக்குள்ள எது போனாலும் கொதிக்க வைக்கணும்னு சொன்னது நான். அவ மேல தப்பில்லை. ஒரு பத்து நிமிஷம் உக்காருங்கோ அத்திம்பேர். நீ போய் லிக்விட் பாரஃபினும் காஸ் துணியும் கொண்டா. சிரிக்காம கொண்டா."

நான் எங்கே சிரித்தேன்! அழுதுகொண்டே ஓடினேன். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற எண்ணெய் அது. டாக்டரம்மா மேஜைமேல் துணியை விரித்து, கடையில் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தபடி பிஸ்டலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொரு துண்டையும் எண்ணெயில் தோய்த்துத் துடைத்து, நுணுக்கமான இடங்களில் ஊசியில் பஞ்சு சுற்றி விட்டார்.  ஜட்காக்காரன் வாசலில் இருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி இழுத்ததும் மேல்பாகம் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. எட்டுத் தோட்டாவையும் போட்டுக் காட்டினார், எடுத்தும் காட்டினார்.

வக்கீல் எழுந்தார். சாவி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் கோபமெல்லாம் போய்விட்டது. "கையாளத் தெரியறது, ஒத்துக்கறேன். ஆனா இது போதாதுடி. உங்க அக்காவையும் இப்படித்தான் விட்டுட்டு இருந்தேன். உனக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்வேன்? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. சொல்லு, லைசென்ஸையும் திருத்தி பெரிசா மாத்திக் கொடுக்கச் சொல்றேன்."

அப்போதுதான் டாக்டரம்மா காரணத்தைச் சொன்னார்.

"பெரிசைச் சுட்டப்புறம் கால் மணி நேரம் என் விரல் நடுங்கித்து அத்திம்பேர். நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். சின்னதுல ஒரு நிமிஷத்துல அடங்கிடுத்து. இங்க நான் ஒருத்திதான் டாக்டர். ஒருத்தனைச் சுட்டுட்டு அடுத்த நிமிஷம் நான் கத்தி பிடிக்கணும். ஒரு வேளை சுடுபட்டவனுக்கும் நான்தான் தையல் போடணும். வேற யார் இருக்கா இந்த ஊர்ல?"

வக்கீல் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை மேஜைமேல் எண்ணெய்த் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறிவிட்டார். கதவோரம் நின்ற தாயார் மகளின் கட்டிலுக்கு ஓடினாள்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்தத் தெருவில் மாடிமேல் மாடி, ஒவ்வொரு வாசலிலும் சீருடைக் காவலாளி. என் பேத்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பையைத் திறந்து காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. அந்தக் காலத்தில் உங்களுக்குப் பயமே இல்லையா பாட்டி என்று கேட்கிறாள். இல்லாமல் என்ன, பயந்து செத்தோம். அதற்காக நாள் நெருங்கியவளைக் கொஞ்சம் பொறு, சண்டை முடியட்டும் என்று சொல்ல முடியுமா? அந்தக் கோடையில் ஆறு பேரும் பிள்ளையோடு எழுந்து நடந்தார்கள். அவர்களுக்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அந்த பிஸ்டல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபின் ஒரு தடவைகூடச் சுடவில்லை.

ஒரே ஒரு நாள் அது மேஜைக்கு வந்தது. சாவி கைக்கு வந்த மூன்றாவது வாரம், பட்டப்பகல். முன்கதவை யாரோ உடம்பால் இடித்தார்கள். டாக்டரம்மா பிஸ்டலை எடுத்துத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு, கதவைத் திற என்றார். திறந்தேன். ஒருவன் இடது கையை வேட்டித் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். துணி முழுக்க ரத்தம். "அம்மா, கண்ணாடி கிய்ச்சிடுச்சும்மா. எல்லாம் பூட்டிக் கீது, இது ஒண்ணுதான் தொறந்து கீது" என்று படியிலேயே சரிந்தான். தூக்கி உள்ளே கிடத்தும்போது அவன் மடியிலிருந்து ஒரு வெள்ளி டம்ளர் உருண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமியின் பெயர் வெட்டியிருந்தது. மாமி ஊருக்குப் போய் ஒரு மாதமாகிவிட்டது. நான் டம்ளரை டாக்டரம்மாவுக்குக் காட்டினேன். அவரும் பெயரைப் படித்தார். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தட்டைப் பார்த்தார்.

"அந்த பிஸ்டலை அந்தண்டை எடுத்து வைடி. கைக்கு இடைஞ்சலா இருக்கு."