மடியில் இருந்த பருப்புக்கீரை

பருப்புக்கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்தால் முதலில் நாக்கில் ஒரு வழவழப்பு, அடுத்து மெல்லிய புளிப்பு, பிறகு எவ்வளவு அலசினாலும் போகாமல் பல்லில் நறுக்கென்று கடிபடும் மண். மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் காட்டில் களையெடுக்கப் போன அம்மா, பிடுங்கிய களையிலிருந்து சிவந்த தண்டுள்ள இந்தக் கீரையை மட்டும் ஒதுக்கி, மடியில் கட்டிக்கொண்டு வருவாள். களையெடுத்தவளுக்கே கீரை என்பது அங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம்.

அந்தக் கீரையை வைத்து ஒரு பேச்சும் இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்தாலும் சரி, எங்களில் யாராவது ஓட்டு வீடு கட்டினாலும் சரி, "பருப்புக்கீரையாட்டம் படந்துபோட்டாங்க" என்பார்கள் தோட்டத்துக்காரர்கள்.

ஒருநாள் தோட்டத்து அம்மா வீட்டுக்குக் கோவையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கீரைமேல் ஆசை. வேலை முடித்துக் கிளம்பிய என் அம்மாவைத் தோட்டத்து அம்மா வரப்பில் நிறுத்தி, "ஏ புள்ள, மடிய உதறு. எங்க காட்டுல மொளைச்சது எங்களுதுதானே?" என்றார். அம்மா "சரீங்க" என்று உதறினாள். பள்ளி விட்டு வந்து பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இன்றும் வருகிறது. மண்ணில் இருந்தவரை களை, அம்மாவின் மடிக்கு வந்ததும் சொத்தா? அன்றிரவு எங்கள் தட்டில் சோறும் உப்பும்தான்.

இப்போது கோவையில், கணபதிப் பகுதியில் இருக்கிறோம். அந்தக் காட்டில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கீரையும் இல்லை, களையெடுக்கும் பெண்களும் இல்லை. கைபேசியில் ஸ்பானிஷ் படிக்கும் என் மகள், அந்த மொழிக்காரர்களும் கண்ட இடமெல்லாம் பரவுகிற ஆளைப் பருப்புக்கீரை மாதிரி பரவிவிட்டான் என்பார்களாம் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயும் அதை முதலில் சொன்னது காட்டுக்காரராகத்தான் இருக்கும், குனிந்து களையெடுத்தவள் சொல்லியிருக்க மாட்டாள் என்றேன்.

போன வாரம் அம்மா, எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த எதிர்வீட்டு அம்மா, காற்றிடம் சொல்வதுபோல, "குடிவந்து வருசம் ஆகலை, பருப்புக்கீரையாட்டம் படந்துபோட்டாங்க" என்றார். கீரையைக் கண்ணால் பார்த்து எத்தனையோ காலமாயிற்று, இந்தப் பேச்சு மட்டும் சாகவில்லை. நான் வாயைத் திறக்குமுன் அம்மா திரும்பினாள்.

"ஆமாங்க, நல்லாப் படந்துபோட்டமுங்க" என்று சொல்லிவிட்டு, ஈரப் புடவையைப் பலமாக உதறி அடுத்த கொடியிலும் விரித்துப் போட்டாள்.