பொடி மரங்களுக்கு ஒரு பூவாளி

என் மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்துக் கேட்டதில்லை, ஏட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷன் காலையில் எழுந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாண் உயர மரங்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

தொண்ணூறுகளின் முன்பாதி அது. எங்கள் வீடு தெற்குக் கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். வீட்டுக்கு வீடு ஆந்தூரியம் பூச்செடி வளர்க்கும் பைத்தியம் பிடித்திருந்த காலம். மாமாவுக்கு மட்டும் போன்சாய். அந்தச் சொல் அவர் வாயில் வராது, பொடி மரம் என்பார். மாமியார் போனபிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த ஆலங்கன்று ஒன்றைப் பிடுங்கி, அடியில் ஓட்டை போட்ட பழைய மீன்சட்டியில் நட்டாராம். பின்னால் ஒரு நெல்லியும் ஒரு புளியும் சேர்ந்தன. புளிதான் அவருக்குச் செல்லம்.

என் கணவர் துபாயில் இருந்தார். லீவில் வருவார், வீடு நிறையப் பேச்சும் சோப்பு வாசனையுமாக ஒரு மாதம் ஓடும், போய்விடுவார். நான் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தா. ஆகவே அந்த வீட்டில் மிச்ச நாளெல்லாம் நானும் மாமாவும் மூன்று பொடி மரங்களும்தான்.

மீன்சட்டி ஆழமில்லாதது, மண்ணும் கொஞ்சம்தான் பிடிக்கும். அதன்மேல் மாமா கிணற்றுச் சுவரில் சுரண்டி எடுத்த பாசியைப் பதித்து வைத்திருப்பார். தண்ணீரை அதில் நேராக ஊற்ற மாட்டார். இடது கையை மரத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் செம்பால் அந்தக் கைமேல் ஊற்றுவார். தண்ணீர் விரல்களில் விழுந்து உடைந்து, வேகம் போய், பாசிமேல் சத்தமில்லாமல் இறங்கும். லத்தி பிடித்த கை அது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பது எனக்கு வழக்கமாகி, பிறகு அது இல்லாமல் காலை விடியாது என்றாகிவிட்டது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை மாமா ஒரு நாளும் பேச்சில் எடுத்ததில்லை. பேசுவதற்கென்றே வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் மைனி, என் கணவரின் அக்கா. ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம், ஜீப் என்று வசதியாக இருந்தவர். கெட்ட மனம் கிடையாது, ஆனால் மனத்தில் இருப்பது வாசலில் செருப்பைக் கழற்றுமுன் வெளியே வந்துவிடும்.

ஒரு கும்ப மாசத்து வெயிலில் வந்தவர், நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டு மாமாவிடம் ஆரம்பித்தார்.

"அப்பா, நான் சொல்லுதேண்ணு கோவிக்கப்பிடாது. வளருத மரத்த வெட்டி வெட்டி முடக்கி வச்சிருக்கிய வீட்டில வம்சம் எப்பிடி வளரும்? நான் ஜோசியரப் பார்த்துக் கேட்டதாக்கும். இதையெல்லாம் எடுத்து வெளிய மண்ணில நட்டாத்தான் இவளுக்கு ஒரு வழி பிறக்கும்."

மைனியே தொடர்ந்தார். "எங்க எடத்தில ஒரு ஓரமா நட்டா அது பாட்டுக்கு வளரட்டு. ஜீப்பு ஒழியும்போ அனுப்புதேன்."

உங்கள் தம்பி துபாயில் இருக்கிறார், மரம் இங்கே இருக்கிறது, பிள்ளை வராததற்கு மரத்தைப் பிடித்துக் கேட்பானேன் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. மாமா முன்னால் எப்படிச் சொல்வது? மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

மறுநாள் காலையில் மாமா குத்தவைத்து உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கி ரோட்டைப் பார்க்கப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். நான் கோர்ட்டு முடிந்து சாயங்காலம் வந்து பார்க்கும்போது புளியின் இலைகள் சட்டியைச் சுற்றிப் பொடியாக உதிர்ந்து கிடந்தன. பாசி விளிம்பில் சுருண்டிருந்தது. அவர் கண்ணில் அது படவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். தொட்டால் கொடுக்க மனம் வராது என்றுதான் அந்த மனுஷன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தார். அது புரிந்ததும் எனக்கு வந்தது கோபம்தான், அழுகை அப்புறம்தான்.

கோபத்தில் ஒரு குவளை நிறையத் தண்ணீர் எடுத்துப் புளிக்கு ஊற்றினேன். பாசி பெயர்ந்து, மண் கரைந்து விளிம்புக்கு வெளியே ஓட, ஒரு வேர் வெள்ளையாகத் தெரிந்தது. பதறிப்போய் மாமா செய்வதுபோல இடது கையை விரித்துப் பிடித்துச் செம்பால் ஊற்றிப் பார்த்தேன். என் கை சின்னது, பொறுமை அதைவிடச் சின்னது. தண்ணீர் விரலிடுக்கில் கூடி ஒரே இடத்தில் கொட்டியது. ஓடிய மண்ணை வாரிப் போட்டு வேரை மூடிவிட்டு, இந்த மரங்களைச் சாக விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அவை இந்த வீட்டை விட்டுப் போனால் மைனி சொன்னது சரி என்றாகிவிடும். அதற்கப்புறம் நான் இந்த வீட்டில் பரிகாரம் செய்யப்பட்டவளாகத்தான் இருக்க முடியும். பரிகாரம் பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டில் உட்கார்ந்து எத்தனை குடும்பத்தின் கதையைக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் ஓர் இரும்புக் கடையில் பூவாளி வாங்கினேன். கத்தரித் தோட்டத்துக்கு விடும் தகரப் பூவாளி அது. சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையிலும் நல்ல மிளகு போகும். ஒரு தரம் சாய்த்ததுதான், ஜூன் மாசத்து இடவப்பாதி மழையே சட்டியில் இறங்கிவிட்டது. நெல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குச்சி வைத்துக் கட்டினேன். மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார், பக்கம் புரளவில்லை.

அடுத்து, வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து விசையை அழுத்தினால் புகையாகத் தெளிக்கும் பிளாஸ்டிக் குப்பி. அது அழகான ஏமாற்று. இலையெல்லாம் நனைந்து பளபளக்கும், பார்க்கப் பார்க்க மனம் குளிரும். சில நாளில் ஆலின் இலை பழுத்துக் கொட்டத் தொடங்கியது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தால் உள்ளே சாம்பல் மாதிரி வறட்சி. இலையைக் குளிப்பாட்டி வேரைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் என்ன கிடைக்கிறது என்று தேடியது தப்பு. மாமாவின் விரலிலிருந்து விழும் தண்ணீர் எப்படி விழும் என்று எனக்குத் தெரியுமே. எதில் ஊற்றினால் அப்படி விழுகிறதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரமும் ஆந்தூரியம் சட்டியும் விற்கும் கடை ஒன்று இருந்தது. வரிசையாகப் பூவாளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சேச்சி, இது பூவாளியாணு. தண்ணி போவும். வேற என்ன பாக்கணும்?"

"எப்பிடிப் போவுதுண்ணு பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வொன்றாக நிறைத்து, என் இடது உள்ளங்கைமேல் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றில் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. ஒன்றில் சல்லடைக்கு வருமுன்னே குழலின் அடிவழியாக வழிந்தது. ஒன்று நிறைத்ததும் முன்னால் குப்புறக் கவிழப் பார்த்தது, இரண்டு கை வேண்டும் அதைத் தாங்க. உரம் வாங்க வந்த ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "கை தீயில பொள்ளிப்போச்சா அம்மா?" என்று கேட்டார். நெஞ்சுதான் என்று சொல்ல நினைத்து, சிரித்து வைத்தேன்.

கடைசியில், வாங்க ஆளில்லாமல் தூசி பிடித்து மூலையில் தொங்கியது ஒன்று. சின்னது. குழல் நீளமாக, மெலிதாக இருந்தது. முனையில் பித்தளைச் சல்லடை, கீழே பார்க்காமல் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஓட்டைகள் தையல் ஊசியின் நுனிக்குத்தான் வழி விடும். சாய்த்தேன். தண்ணீர் முதலில் மேலே எழும்பி, வளைந்து, வேகமெல்லாம் போனபிறகு கையில் வந்து விழுந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, வந்து உட்கார்ந்தது. கடை நடுவில் நின்றுகொண்டு இன்னொரு தரம் சாய்த்துப் பார்த்தேன்.

"இதுதான்," என்றேன்.

"அதுல பொறவு தண்ணி நிறையப் பிடிக்காது சேச்சி."

"பிடிக்காண்டாம். நிறைய நேரம் உண்டு எனக்கு."

அன்றைக்கு அது பொய். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

நல்ல பூவாளி கையில் வந்தாலும் அதற்கும் பழக வேண்டியிருந்தது. சாய்த்த உடனே வருவது பெரிய சொட்டுகள், நிறுத்தும்போதும் அப்படித்தான். அதனால் சட்டிக்கு வெளியே சாய்த்து, மழை சீராக வந்தபிறகு மரத்துக்கு மேலே கொண்டுவந்து, நிறுத்துமுன் மறுபடி வெளியே கொண்டுபோக வேண்டும். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டாவிட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். ஒரு தரம் நனைத்து, மண் அதை உள்ளே வாங்க விட்டு, அடியிலிருந்து சொட்டும் வரை மறுபடி விட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாசி திரும்பப் பச்சை பிடித்தது. புளி, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாகத் துளிர் விட்டது.

துளிர் விட்டதை அவரும் பார்த்திருக்க வேண்டும். ஒரு காலையில் நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"மக்கா, இது போவட்டு. நாளைக்கு ஜீப்பு வருது. நீ எதுக்கு இதுக்க பொறத்த கெடந்து கஷ்டப்படுதே?"

பூவாளியைக் கீழே வைத்தேன். "மாமா, இது போனா பிள்ளை வருமா?"

"எல்லாரும் சொல்லுதாவ. ஒரு குறையும் வைக்கப்பிடாதுண்ணுதான்."

"வரல்லேண்ணா? பின்ன எதை ஏத்தி விடுவீங்க? என்னையா?"

அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பார் அந்த மனுஷன். என் முகத்தைப் பார்க்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். அன்று அவர் சாப்பிட்ட சாப்பாடு பேருக்குத்தான்.

மறுநாள் ஞாயிறு. நான் வழக்கம்போலப் பூவாளியோடு நிற்கும்போதே ஜீப் வந்துவிட்டது. மைனி வரவில்லை, டிரைவர் மட்டும். சாக்கும் கயிறும் எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் நிறுத்தவில்லை. ஆல் முடிந்து, நெல்லி முடிந்து, புளிக்கு வந்திருந்தேன். கண்ணில் நீர் நிறைந்து ஓட்டை எது, மரம் எது என்று தெரியவில்லை. ஆனால் கையை மட்டும் ஆடவிடக் கூடாது என்று இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மாமா படியிறங்கி வந்தார். சட்டை போட்டிருந்தார். டிரைவர், "ஏட்டே, ஜீப்பில கேற்றட்டா?" என்று குனிந்து ஆலஞ்சட்டியில் கையை வைத்தான்.

"கையை எடு," என்றார் மாமா. ஸ்டேஷனில் எப்படிப் பேசியிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நனைஞ்ச மரமாக்கும். நனைஞ்ச மரத்த எளக்கப்பிடாது."

"அப்போ காயட்டு. நான் நிக்குதேன்."

"காயாது. நீ போ."

அவன் சாக்கைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "பின்ன நான் என்னைக்கு வரணும்? அக்கா கேட்டா என்ன சொல்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அழுகிறேன் என்று தெரிந்தும் தெரியாதவர்போல, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"எனக்க மருமவ இதுக்குத் தண்ணி விடாத்த அண்ணைக்கு வா," என்றார்.

அதற்குப் பிறகு கணவர் துபாயை விட்டு ஊரோடு வந்தார், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் ஏறி இறங்கினோம். பிள்ளை எங்களுக்குப் பிறக்கவில்லை. ஆனால் மாமா இருந்த காலம்வரை, காய்ச்சலில் கிடந்த நாளிலும், கொட்டும் மழையில் மரங்களுக்குத் தேவையே இல்லாத நாளிலும், ஒரு கைத் தண்ணீராவது விடாமல் நான் இருந்ததில்லை.