அத்தை வைத்த எலுமிச்சம்பழமும் இடது சக்கரத்துப் பேரிங்கும்

உலகச் சண்டைக்காலத்தில் எங்கள் பஸ்ஸில் பெட்ரோல் வாசமே கிடையாது, கரி வாசம்தான்... பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்று பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எத்தனை துவைத்தாலும் சட்டையில் அடுப்படி மணம் போகாது.

நான் டிரைவர். என் சம்சாரத்தின் அண்ணன், அதாவது என் மச்சான், மெக்கானிக். இரண்டு பேருக்கும் கூட்டாக ஒரே பஸ்.

அந்த வாரம் இடது முன்சக்கரத்து டேப்பர் பேரிங் போய்விட்டது. சரிவாக நிற்கிற உருளைகள் வைத்த பேரிங். சேலம் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. மச்சான் ஏதோ ஆயில் இன்ஜினில் கழற்றிய, உருண்டைக் குண்டுகள் வைத்த பேரிங்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

"அளவு அப்படியே பொருந்துது மாப்ளே. ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டேன், வெண்ணெயாட்டம் போகுது."

எனக்கும் அவசரம். நாமகிரிப்பேட்டையில் மாமியார் வீட்டில் தலைப்பிரசவம் முடிந்து, சம்சாரமும் மகளும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

போகும்போது நானும் மச்சானும் மட்டும்தான், பஸ் காலி. ஒரு சத்தம் இல்லை.

திரும்பும்போது தொட்டில், மூட்டை, கொண்டுவந்து விடக் கூடவே கிளம்பிய சொந்தபந்தம் என்று பஸ் நிறைந்துவிட்டது. முன்சக்கரங்களுக்கு அடியில் அத்தை, என் மாமியார்தான், எலுமிச்சம்பழம் வைத்தார். குறுகலான சந்து... ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தேன்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! எடதுபக்கத்துப் பழம் நசுங்காம ஒதுங்கிருச்சு. இன்னைக்குப் பயணம் வேண்டாஞ் சாமி!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழமா பஸ் ஓட்டுகிறது? சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று அத்தைக்குக் காட்டுவதற்காகவே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்.

ஆடியது. ஐயோ, விழப்போகிற பல் மாதிரி ஆடியது!

கழற்றிப் பார்த்தால், குண்டுகள் ஓடுகிற தடத்தின் ஓரம் பக்கவாட்டில் பெயர்ந்து கிடந்தது. மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அளவைப் பாத்தனே ஒழிய பாரத்தைப் பாக்கலீங்க மாப்ளே. நேர்ரோட்டுல பாரம் மேலிருந்து அமுக்கும், அதைக் குண்டு தாங்கிக்கும். வளைவுல பக்கத்திலிருந்தும் தள்ளுமே! அதுக்கு டேப்பர்தானுங்க. ஆட்டுக்கல் குழவியாட்டம்... மேலே அமுக்குனாலும் பக்கத்துல தள்ளுனாலும் சரிவு புடிச்சுக்கும்."

போகிற வழியெல்லாம் வளைவு. மடியில் குழந்தையோடு சம்சாரம் இடதுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை காலில் விழாத குறைதான்.

மச்சான் மறுபடி சேலம் போய், ஒரு பழைய லாரியில் இருந்து நல்ல டேப்பர் பேரிங் தேடிக் கொண்டுவந்தார். அதை மாட்டிய பிறகுதான் என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு வளைவும் தாண்டும்போது எனக்கு ஒரு பெருமூச்சு.

இப்போது எந்தக் கடையிலும் டேப்பர் பேரிங் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மச்சான் இருந்திருந்தால் நாலு பெட்டி வாங்கி அடுக்கியிருப்பார்.

இப்போதெல்லாம் கார் ஓட்டுவது என் மகள்தான். போன மாதம் ஏற்காடு கிளம்பினோம். அவள் காரைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினாள், இறங்கினாள், இரண்டு சக்கரத்தையும் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு பழமும் நசுங்கிருச்சுங்கப்பா. தைரியமா ஏறுங்க!"