சித்தி ஊன்றிய ஒற்றை விதை

என் சித்திக்கு வேலை, நாற்றுப் பண்ணையில் பாலைவனப் புதர்களை விதையிலிருந்து வளர்ப்பது. சாலைப் பணியில் அழிந்துபோன ஒரு புதரிலிருந்து மிஞ்சிய ஒரே விதையை ஊன்றியிருந்தாள். அந்த நாற்றுப் பையில் இரண்டு முளைத்தன. ஒன்று களை, விட்டுவைத்தால் மற்றதை அமுக்கிவிடும். ஆனால் இரண்டுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே இலை.

“ஒண்ணு போட்டா ரெண்டு! அதிர்ஷ்டக்காரிம்மா நீ. ஏதாவது ஒண்ணைப் பிடுங்கு,” என்று மேஸ்திரி கையை நீட்டினார்.

“தொட்டுடாதீங்கண்ணே!” சித்தி கத்தியதில் பண்ணையே திரும்பிப் பார்த்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியால் மண்ணை விலக்கினாள். தடித்த தோலுக்குள் ஈரம் இறங்குவதற்காக, எந்த விதையையும் உப்புத்தாளில் தேய்த்துத்தான் ஊன்றுவாள். இடதுபக்க முளையின் அடியில் ஒட்டியிருந்த விதைத்தோலில் அந்தக் கீறல் தெரிந்தது. வலதுபக்கத்தை நறுக்கினாள். பிறகு இடதுபக்க முளையைச் சுற்றி, விலக்கிய மண்ணை மெல்ல அணைத்தாள்.